வி.ஆர். ஹெட்செட் வேண்டாம், ரெண்டு பழைய போன் போதும்

உங்க அலமாரியில, ஸ்க்ரீன்ல கீறல் விழுந்து, சார்ஜ் நிக்காத ஒரு பழைய போன் கிடக்குதா? தூக்கிப் போட்டுடாதீங்க. இந்தக் கட்டுரையே அதைப் பத்தினதுதான்.

போன வருஷம் எங்க கிளப் சார்பா பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குப் போனோம். வி.ஆர். ஹெட்செட், ப்ரொஜெக்டர், ஒரு ட்ரோன். பசங்க வரிசையில நின்னு, ஆளுக்கு ஒரு நிமிஷம் செவ்வாய் கிரகத்தைப் பார்த்தாங்க. கைதட்டல், குரூப் போட்டோ, ஸ்டோரி எல்லாம் ஆச்சு. கிளம்புறப்போ ஒயரைச் சுருட்டிட்டு இருந்தேன். ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு பக்கத்துல வந்து கேட்டா: "அண்ணா, இதெல்லாம் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவீங்கதானே?"

ஆமாம்னு தலையாட்டினேன். திரும்பி வர்ற பஸ்ல அந்தக் கேள்வி மட்டும்தான் மனசுல ஓடிட்டு இருந்தது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டெக்னாலஜி மூலமா அறிவியலைக் கொண்டு போகணும்னு நாம எல்லாரும் சொல்றோம். ஆனா பெரும்பாலும் கொண்டு போறது, பார்த்துட்டு வாயைப் பிளக்கிற டெக்னாலஜி. பாடப்புத்தகத்துல கியூ.ஆர். கோடு இருக்கு. 2019-ல் இருந்து கல்வித் தொலைக்காட்சி இருக்கு. இரண்டுமே தேவைதான், கொரோனா காலத்துல அதன் அருமை தெரிஞ்சது. ஆனாலும் அங்கே மாணவர் பார்வையாளர் மட்டுமே. பார்க்கிறதால ஆசை வரலாம். 'இது என்னாலயும் முடியும்' என்கிற நம்பிக்கை, தானே ஒன்றை அளந்து பார்க்கும்போதுதான் வரும்.

அதனால இரண்டாவது தடவை ஹெட்செட்டை விட்டுட்டு, ஹாஸ்டல்ல சேகரிச்ச ஆறு பழைய போனோட போனோம். ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்துல உருவான 'ஃபைஃபாக்ஸ்' செயலியை முன்னாடியே ஏத்தியிருந்தோம். இலவசம், சோதனை செய்ய நெட்டும் வேண்டாம். போனுக்குள்ள இருக்கிற மைக், முடுக்கமானி எல்லாத்தையும் அது அளவுகோலா மாத்திடும்.

ஒரு சோதனை சொல்றேன், நீங்களும் செய்து பாருங்க. ரெண்டு பேர் ஆளுக்கொரு போனோட சரியா 5 மீட்டர் தள்ளி நிக்கணும். செயலியில ஒலியைக் கேட்டு ஓடுற ஸ்டாப்வாட்ச் இருக்கு. முதல் ஆள் தன் போன் பக்கத்துல கைதட்டினா ரெண்டு போன்லயும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அடுத்து இரண்டாவது ஆள் தட்டினா ரெண்டும் நிக்கும். ஆனா இரண்டு போனும் ஒரே நேரத்தைக் காட்டாது. ஒலி போய் வர எடுத்துக்கிட்ட நேரம்தான் அந்த வித்தியாசம். 10 மீட்டரை அந்த வித்தியாசத்தால வகுத்தா ஒலியின் வேகம்.

முதல் தடவை 290 வந்தது. புத்தகத்துல 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். "ஆப் தப்பு" என்றான் ஒருத்தன். அதே பொண்ணு தரையைப் பார்த்துட்டு, "டேய், நீ கோட்டுக்குப் பின்னாடி நிக்கிற!" என்றாள். நாடாவை வெச்சுப் பார்த்தா, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். மறுபடி தட்டினாங்க, 348. அடுத்த கேள்வி உடனே வந்தது: "அப்போ ஏன் 343 வரல?" வெயில் கூடினா ஒலியும் வேகமா போகும்னு அவங்களே கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கல.

உண்மையைச் சொன்னா, திறந்திருந்தாலும் பெருசா பேசியிருக்க முடியாது. நான் எல்.கே.ஜி.-யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். 'ஆக்ஸிலரேஷன்' தெரியும், 'முடுக்கம்' தெரியாது. 'பெண்டுலம்' தெரியும், 'ஊசல்' அன்னிக்குத்தான் தெரிஞ்சது. அவங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் இருந்து பொறியியலிலும் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கு. அப்படி வந்த நண்பர்கள் நம்ம வகுப்பிலேயே இருக்காங்க. முதல் செமஸ்டர்ல அவங்க பேசாம உட்கார்ந்திருந்ததை 'வீக்'னு நினைச்சோமே, அது மொழிச் சிக்கல். அறிவுக் குறைச்சல் இல்லை.

இன்னொன்னும் கவனிச்சேன். வீட்டுல போன் தன் கைக்கு வருமானு கேட்டப்போ பசங்க பலர் கை தூக்கினாங்க, பொண்ணுங்க ரெண்டு மூணு பேர்தான். அப்பா, அண்ணன், தம்பி எல்லாருக்கும் அப்புறம்தான் அவங்க முறை. 'எல்லார்கிட்டயும் போன் இருக்கே'னு சொல்லிட்டு லிங்க் மட்டும் அனுப்பினா யாரை விட்டுட்டுப் போறோம்னு யோசிங்க.

வாய்ப்புக் கிடைச்சா என்ன நடக்கும்? 'ஆசாதிசாட்' செயற்கைக்கோளுக்கு நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சிறு கருவிகளைச் செய்தாங்க. 2022 ஆகஸ்டில் போன ராக்கெட் சரியான சுற்றுப்பாதையை எட்டல. 2023 பிப்ரவரியில் 'ஆசாதிசாட்-2' வெற்றிகரமா போனது. கோட்டுக்குப் பின்னாடி நின்னு, தப்பைக் கண்டுபிடிச்சு, மறுபடி தட்டின அதே கதைதான், கொஞ்சம் பெரிய அளவுல.

வருஷத்துக்கு ஒரு 'டெக் டே' வேண்டாம். ஒரே பள்ளிக்கு, மாசம் ஒரு சனிக்கிழமை. தமிழ்ல பேசலாம், தெரியாத சொல்லை அவங்ககிட்டயே கேட்கலாம். தமிழ் மீடியத்துல இருந்து வந்த நம்ம நண்பர்கள் முன்னாடி நின்னு நடத்தட்டும், நாம ஒயர் சுருட்டலாம்.

முக்கியமா, வரும்போது போனை அங்கேயே விட்டுட்டு வரலாம். அந்தப் பொண்ணுக்கு நான் கொடுக்காத பதில் அதுதான்.