கொடும்பாளூரில் கண்டதும் காணாததும்

ஆவூரிலிருந்து நாங்கள் சிலர் கொடும்பாளூருக்குச் சென்றோம். இருக்குவேளிர் ஆண்ட தலைநகர், பொற்காலத்தின் சாட்சி என்று மேடைதோறும் முழங்குகிறார்களே, அந்தப் பொற்காலத்தை நேரில் பார்த்து வருவோமே என்பதுதான் எங்கள் எண்ணம்.

அரண்மனையைத் தேடினோம். காணவில்லை. செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்த மன்னர் மாளிகைகள் நம் நாட்டில் மண்ணோடு மண்ணாகிவிட்டன. நிற்பது மூவர் கோயில். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயராலும் மூன்று விமானங்கள் எழுப்பினான். இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். அந்தக் கல்லில் உளி பிடித்த கைகளின் திறமைக்கு முன் நாங்கள் தலை வணங்கி நின்றோம்.

ஆனால், அந்தக் கைகள் யாருடையவை? கோயில் சுவரிலுள்ள கிரந்த எழுத்துச் சமஸ்கிருதக் கல்வெட்டு வாய் திறக்கவில்லை. மன்னனின் முன்னோர் பட்டியல் இருக்கிறது. பல்லவர் படையின் ரத்தத்தால் காவிரியையே சிவக்க வைத்த வீரப் பிரதாபம் இருக்கிறது. மல்லிகார்ஜுனர் என்ற காளாமுகத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றும், 50 துறவிகளுக்குச் சோறு போட 11 கிராமங்களும் கொடுத்த செய்தி இருக்கிறது.

தோழர்களே, கணக்கைப் பாருங்கள்! உண்டவர் 50 பேர் என்று எண்ணி வைத்தார்கள். 11 கிராமங்களிலும் உழுது விதைத்து அறுத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களை யாரும் எண்ணவில்லை. கிராமத்தைத் தானம் கொடுத்தபோது, அதில் வியர்வை சிந்திய மனிதனின் விளைச்சலையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். இதற்குப் பெயர் கொடையாம்!

பாரசீகத்தைப் பாருங்கள். கி.மு. 518 வாக்கில் முதலாம் தாரியஸ் கட்டத் தொடங்கிய பெர்சிபோலிஸ் அரண்மனையை, கி.மு. 330-ல் அலெக்சாந்தரின் படை கொளுத்தியது. இன்று தூண்கள்தான் நிற்கின்றன. ஆனால் 1933-ல் அங்கே தோண்டியபோது ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவை அரசாங்கத்தின் படியளப்புக் கணக்குகள். எந்த வேலையாளுக்கு எவ்வளவு தானியம் அளந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஆண் குழந்தை பெற்ற உழைப்பாளித் தாய்க்குக் கொடுத்த படி, பெண் குழந்தை பெற்றவளுக்குக் கொடுத்ததைப் போல் இரு மடங்கு! மன்னன் கல்லில் செதுக்கியது தன் புகழை; கணக்கன் மண்ணில் கிறுக்கியது உண்மையை.

1971-ல் ஈரான் ஷா அதே இடிபாடுகளுக்கு அருகே கூடாரங்கள் அடித்து, உலகத்து மன்னர்களையும் தலைவர்களையும் கூட்டி, முடியாட்சிக்கு 2500 ஆண்டு விழா எடுத்தார். பாரிஸிலிருந்து விருந்து வந்து இறங்கியது. எட்டே ஆண்டுகளில், 1979-ல், அந்த முடியாட்சியை மக்கள் தூக்கி எறிந்தார்கள். பழம்பெருமை பசித்த வயிற்றை நிரப்பாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டு நாடே திடுக்கிட்டது. விசாரிக்கப் போன இடத்தில் இறையூரில் டீக்கடை இரட்டைக் குவளை வெளிப்பட்டது. அதிகாரிகள் உடன் வந்த பிறகே அம்மக்கள் அய்யனார் கோயிலுக்குள் கால் வைக்க முடிந்தது. ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசும் கனவான்களே, இந்தக் குவளை எந்தப் பொற்காலத்தின் மிச்சம்?

“கம்யூனிஸ்டுகளுக்குப் பழமை என்றாலே ஆகாது” என்று சிலர் கதை கட்டுகிறார்கள். பச்சைப் பொய்! மூவர் கோயிலின் ஒரு கல்கூடப் பெயரக் கூடாது என்பவர்கள் நாம். பொற்பனைக்கோட்டையில் 2021-லும் 2023-லும் அகழாய்வு நடந்ததை வரவேற்றவர்கள் நாம். மன்னர் இருந்த மேட்டை மட்டுமன்றி, உழவனும் குயவனும் கொல்லனும் வாழ்ந்த இடங்களையும் தோண்டுங்கள் என்கிறோம். வெயிலில் மண் சுமக்கும் பெண்களுக்கு நியாயமான கூலி கொடுங்கள் என்கிறோம். கொடும்பாளூர்க் கல்வெட்டின் முழுப் பொருளையும், அந்த 11 கிராமங்கள் உட்பட, எளிய தமிழில் எழுதிக் கோயில் வாசலில் வையுங்கள் என்கிறோம்.

படிக்கட்டும் நம் குழந்தைகள். கோயிலைக் கட்டியவன் தங்கள் பாட்டன் என்பதையும், கட்டிய கோயிலுக்கு வெளியே அவனை நிறுத்தியது எந்த அமைப்பு என்பதையும் சேர்த்தே படிக்கட்டும். அப்படிப் படித்தவன் இரட்டைக் குவளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்!