கணக்கில் பணம், பெட்டியில் உண்டா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய. ரெயில்வேயிலும், விமானப் படையிலும், தொழிற்சாலைகளிலும் உழைத்தவர்கள். வேலை முடிந்த அன்று கைக்கு வருகிற தொகைதான் அவர்களுடைய ஆயுட்காலச் சேமிப்பு. மகள் கல்யாணம், மருந்துச் செலவு எல்லாம் அதில்தான்.

அந்தப் பணத்தை எதில் போடலாம்? "வட்டி என்ன? லாபம் என்ன?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "கணக்கைச் சரி பார்த்தது யார்?" என்று கேட்பவர் குறைவு.

முதலில் கேட்க வேண்டியது அதுதான்!

ஐதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர் என்று ஒரு பெரிய கம்பெனி இருந்தது. சுமார் 50 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். நியூயார்க் பங்குச் சந்தையிலும் அதன் பங்கு விற்றது. நல்ல நிர்வாகத்துக்காக 2008-ல் பரிசுகூட வாங்கியது.

2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். ரொக்கமாகவும் பாங்கியிலும் ரூ.5,361 கோடி இருப்பதாகக் கணக்கு காட்டியிருந்தார்கள். அதில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை! மூன்று மாத லாபம் ரூ.649 கோடி என்றார்கள். உண்மையில் ரூ.61 கோடிதான்.

அன்று ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால் பாகத்துக்கு மேல் போயிற்று. உள்ளூர்க்காரருக்கும் நஷ்டம், வெளிநாட்டாருக்கும் நஷ்டம். 2015-ல் ராஜு உள்பட 10 பேருக்கு ஐதராபாத் கோர்ட்டு 7 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது. அவர்களில் இருவர் ஆடிட்டர்கள்! அப்பீல் செய்தபின் ஜாமீனில் வந்தார்கள்.

இது எப்படி நடந்தது?

பாங்கியில் பணம் இருக்கிறதா என்று ஆடிட்டர் நேரே பாங்கியைக் கேட்க வேண்டும். பாங்கியும் நேரே அவருக்குப் பதில் அனுப்ப வேண்டும். சத்யத்தில் அந்தக் கடிதங்கள் கம்பெனிக்காரர் கை வழியாகப் போய் வந்தன. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-ல் இதைச் சொன்னது. பாலுக்குப் பூனை காவல்!

பிறகு சட்டம் கடுமையாயிற்று. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி, ஒரே ஆடிட்டர் நிறுவனத்தைத் தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சொல்கிறது. ஆடிட்டர்களைக் கண்காணிக்க 2018-ல் ஓர் ஆணையமும் வந்தது.

நல்லதுதான். ஆனால் போதாது. இன்றும் ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனிதான். பரீட்சை எழுதும் பையனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தால் எப்படி?

கம்பெனியின் இருப்பு எவ்வளவு என்பதைப் பாங்கியே ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கணக்கின் சுருக்கத்தை ஒரே பக்கத்தில், எளிய தமிழில் கொடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் அது புரிய வேண்டும்.

நாமும் ஒன்று பார்க்க வேண்டும். கடனுக்கு விற்ற அரிசியும் விற்பனைக் கணக்கில் வரும். ஆனால் கல்லாவில் காசு வராவிட்டால் மளிகைக்கடை எத்தனை நாள் நடக்கும்? கம்பெனிக்கும் அதே கணக்குத்தான். லாபம் ஏறுகிறது, ரொக்கம் ஏறவில்லை என்றால் காரணம் கேளுங்கள்.

பாங்கி டெபாசிட்டுக்கு ஒரு பாங்கியில் ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு. 2020 முதல் இந்த அளவு. பங்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வளரும் நாட்டுக்கு முதலீடு தேவை. பயந்து ஒதுங்க வேண்டாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்கைக் கேளுங்கள். கணக்குக் காட்டத் தயங்குகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்!