மூன்று மீட்டரும் மூன்று விரலும்

பாலோ கடைத்தெருவில் நான் வழக்கமாக உட்காரும் காப்பிக் கடையில் ஒரு காட்சி தினமும் நடக்கும். பெட்டியைத் தட்டி ஒரு சிகரெட்டை உருவிய பிறகுதான் அந்த மனிதருக்கு நினைவு வரும். தேநீர்க் குவளையை மேசையில் விட்டுவிட்டு, அஞ்சடியைத் தாண்டி, சாக்கடை ஓரம் போய் நின்று பற்றவைப்பார். 2019 ஜனவரி 1 முதல் உணவுக் கடைகளில் புகைக்கத் தடை. மேசையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முதல் ஆண்டு எச்சரிக்கை, 2020இலிருந்து அபராதம். அபராதம் கட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் எழுந்து போகும் பழக்கம் ஊருக்கு வந்துவிட்டது. பிள்ளைகளோடு பசியாறப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் நன்றாக அறிவேன்.

அதே கடையின் உள்மூலையில் சில நாள் ஒரு மூதாட்டி இருப்பார். குளுவாங் பேருந்துக்குக் காத்திருப்பவர். சுருக்குப் பையை அவிழ்த்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்குச் சீவலை வைத்து, கடைசியாகப் புகையிலையைக் கிள்ளிச் சேர்த்து மடித்துக் கன்னத்தில் ஒதுக்குவார். அவரை யாரும் மூன்று மீட்டர் தள்ளிப் போகச் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை. அவரிடமிருந்து புகை வருவதில்லை, பக்கத்து மேசைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அவருக்கு மட்டும்தான்.

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு, மலேசிய ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைக்கிறார்கள் என்றது. பெண்களில் 1.2 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மா பெருமையாகச் சொல்லும் ஒரு வார்த்தை ஞாபகம் வரும். "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல." அம்மா அதைச் சொல்லும்போது, அவரைப் பெற்ற அம்மாயி பக்கத்திலேயே உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருப்பார். எங்களில் ஒருவருக்கும் அது புகையிலை என்று தோன்றியதே இல்லை. அது வெற்றிலை. சாமி தட்டில் இருப்பது. நிச்சயதார்த்தத்தில் மாற்றிக்கொள்வது. பெயரில் புகை இருந்தும் அம்மாயியின் மடியில் இருந்தவரை அதற்குப் புகையிலை என்ற குற்றம் ஒட்டவே இல்லை.

அம்மாயி பாலோவை ஒட்டிய ஒரு தோட்டத்தில் கித்தா மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நெரைக்குள் நுழைந்தால் பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்து முடிக்கும்வரை சோறு கிடையாது. கறுப்புக் காப்பியும் வெற்றிலையும்தான். "வாயில ஒண்ணு இருந்தா வயிறு கேக்காது கண்ணு" என்பார். பின்னாளில் படித்தபோதுதான் அவர் சொன்னது எவ்வளவு சரியானது என்று தெரிந்தது. பாக்கில் அரிக்கோலின், புகையிலையில் நிக்கோட்டின். இரண்டும் களைப்பை மறைக்கும், பசியை அடக்கும். சுண்ணாம்பின் காரம் இரண்டையும் அவிழ்த்துவிட்டுக் கன்னத்தின் மெல்லிய தோல் வழியாக இரத்தத்தில் சீக்கிரம் ஏற்றிவிடும். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்ய வேண்டிய, அதற்கேற்ற கூலி கிடைக்காத ஓர் உடம்புக்கு யாரோ கண்டுபிடித்துக் கொடுத்த மருந்து போலவே அது வேலை செய்தது. பாட்டிகளைப் பழக்கத்துக்கு அடிமையானவர்கள் என்று திட்டுகிற இளைஞர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பழக்கத்தின் மேல்தான் தோட்டங்களின் கணக்கு ஓடியது. ஆண்களுக்குக் கள்ளுக்கடை, பெண்களுக்குச் சுருக்குப் பை.

இரவிலும் அம்மாயி கன்னத்தில் ஒரு துண்டை ஒதுக்கிக்கொண்டுதான் படுப்பார். எப்போதும் இடப்பக்கம். அந்தப் பக்கத்தில்தான் வந்தது.

"சுண்ணாம்பு பொத்துப்போச்சு" என்றார் முதலில். அதை நாங்கள் எல்லாரும் நம்பினோம், அவர் உட்பட. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்து புண்ணாவது வெற்றிலை போடுகிறவர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு நாளில் ஆறும். இது ஆறவில்லை. அவர் தேங்காய்ப் பால் வைத்துக் கொப்பளித்தார், நெய் தடவினார், காரம் இல்லாமல் தனிக்குழம்பு வைக்கச் சொன்னார். பிறகு கஞ்சி மட்டும். வாயைத் திறந்து காட்டு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. ஐந்து மாதம் கழித்துக் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்த பிறகே டாக்டரிடம் போனோம். அங்கிருந்து குளுவாங், குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாரு. தாடையின் ஒரு பகுதியோடு எடுத்தார்கள். அதன் பிறகு அவர் சிரித்ததை நான் பார்க்கவில்லை. சிரிப்பு வராமல் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வார். பதினோரு மாதம் இருந்தார்.

எங்கள் வீட்டுத் துக்கம் எங்களுக்கு மட்டும் உரியது என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இருந்த கே. ராமநாதன் 1970களிலேயே இந்த நாட்டு வாய்ப்புற்றை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார். மக்கள்தொகையில் சிறு பங்காக இருக்கும் இந்தியர்கள் இந்த ஒரு நோயில் மட்டும் அளவுக்கு மீறி நிற்பதை அவருடைய கட்டுரைகள் காட்டின. 1993, 94ஆம் ஆண்டுகளில் நாடு முழுக்க 25 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 11,700 பேரின் வாயைச் சோதித்த ஓர் ஆய்வு நடந்தது. புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் சீனர்களில் 0.5 விழுக்காட்டினருக்கு இருந்தன. இந்தியர்களில் 4 விழுக்காடு. எட்டு மடங்கு. மற்ற நாடுகளில் வாய்ப்புற்று பெரும்பாலும் ஆண்களின் நோய். நம்மிடையே அது பெண்களின் நோயாகவும் இருக்கிறது. எந்தச் சிகரெட்டையும் தொடாத பெண்களின் நோய்.

புகையிலையை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதுவும் பாதி உண்மைதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்று 1985இல் அறிவித்தது. பிறகு 2004இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கையும், தனிப் பாக்கையுமே அந்தப் பட்டியலில் வைத்தது. ஆகவே "நான் பொயல போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்பது ஆறுதலாகாது. 2022இல் உலகில் வாய்ப்புற்று கண்டவர்கள் ஏறத்தாழ 3,90,000 பேர். அவர்களில் சுமார் 1,20,000 பேருக்குக் காரணம் புகையற்ற புகையிலையும் பாக்கும் என்று 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி இந்தியாவில்.

ஒரு சின்ன விலகல். வெற்றிலையோடு மலாய்க்காரர்கள் சேர்க்கும் கம்பீர், ஜொகூர் மண்ணில் கித்தாவுக்கும் முன்பு ஆண்ட பயிர். 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் ஆற்றோரங்களில் கம்பீரும் மிளகும் பயிரிட்டுத்தான் இந்த மாநிலம் வளர்ந்தது. ஜொகூரின் சின்னத்தில் இன்றும் மிளகும் கம்பீர் இலையும் இருக்கின்றன. வாயில் மென்று துப்பும் பொருள்கள் ஓர் அரசை எழுப்பும் அளவுக்கு விலை பெற்றிருக்கின்றன. அதனால் புகையிலையை வெறும் தனிமனித ஒழுக்கமாகப் பேசும்போது எனக்கு ஒப்புவதில்லை.

நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 2022 ஜூலையில் அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் ஒரு மசோதா கொண்டுவந்தார். 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்கச் சிகரெட்டோ வேப்போ விற்கக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. தேர்வுக் குழு, ஆட்சி மாற்றம், மறுபடியும் குழு. 2023 நவம்பர் 30 அன்று மக்களவையில் நிறைவேறியபோது அந்தத் தலைமுறைப் பிரிவு அதில் இல்லை. வயதைக் கொண்டு குடிமக்களைப் பிரிப்பது அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு சொல்லும் சமத்துவத்துக்கு எதிரானது என்பது சட்டத்துறைத் தலைவரின் கருத்து. இதற்கு நடுவே, 2023 மார்ச் 31 அன்று, வேப்பில் ஊற்றும் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறுநாளே அதற்கு ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் வரி போட்டார்கள். புதிய சட்டம் 2024 அக்டோபர் 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதம், அந்தத் திரவத்தைப் பள்ளிப் பிள்ளைக்கு விற்றால் தண்டிக்க நாடு முழுமைக்குமான ஒரு விதி இல்லை. அதற்கு முன்பே 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 14.9 விழுக்காட்டினர் வேப் பிடிப்பதாக 2022ஆம் ஆண்டு ஆய்வு சொல்லியிருந்தது. இதைப் பிழை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஜொகூரில் 2016 முதல் வேப் விற்பனைக்கே தடை இருக்கிறது. இருந்தும் பிள்ளைகளின் பையில் அது எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள்.

நாட்டின் அந்தப் புதிய சட்டத்தின் பெயரிலும் புகைபிடிப்புப் பொருள்தான். மூன்று மீட்டர், பெட்டியின் மேல் அச்சிட்ட புண்பட்ட வாய், கடையில் மறைத்து வைத்த அலமாரி எல்லாமே தேவையானவை. ஆனால் அவை பேசுவது ஆண்களோடும் பிள்ளைகளோடும். சுருக்குப் பையோடு பேச ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லை என்பது முழு உண்மையும் அல்ல. சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு 1997இல் வாய்ப்புற்றை முன்கூட்டியே கண்டறியும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆபத்து மிகுந்தவர்கள் என்று அது அடையாளம் கண்டதில் தோட்டத்து இந்தியர்களும் உண்டு. நல்ல திட்டம். அது தொடங்கிய காலத்தில்தான் தோட்டங்கள் கலையத் தொடங்கியிருந்தன. கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, நம் வேலையை வெளிநாட்டவர் செய்கிறார்கள். லயத்தில் இருந்தபோது ஒரே வரிசையில் நாற்பது வீடு. ஒரு காலைக்குள் நாற்பது பாட்டிகளின் வாயைப் பார்த்துவிடலாம். இன்று அவர்கள் குளுவாங் தாமான்களிலும், ஜொகூர் பாருவின் மலிவு அடுக்குமாடிகளிலும், மகன் வீட்டுப் பின்னறையிலும் இருக்கிறார்கள். சுருக்குப் பை கூடவே போயிருக்கிறது. தோட்டம் என்ற முகவரி மட்டும்தான் மறைந்தது. இனி அவர்களைத் தேடிப் போகக்கூடிய இடங்கள் கோவிலும் தேவாலயமும் தமிழ்ப்பள்ளி நிகழ்ச்சிகளும்தான் என்பது என் எண்ணம். திருவிழாவில் ரத்த அழுத்தம் பார்க்க ஒரு மேசை போடுகிறோம். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியும் ஒரு டார்ச் விளக்கும் போட ஏன் முடியாது?

டார்ச் விளக்கு என்று நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பதின்மூன்று பஞ்சாயத்துகள், சுமார் 1,90,000 பேர். ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். மூன்றாண்டுக்கு ஒரு முறை, மூன்று சுற்று. மற்ற ஆறில் வழக்கமான சிகிச்சை மட்டும். 2005இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரிய எந்திரம் கிடையாது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

எதைப் பார்ப்பது? கன்னத்தின் உட்புறமோ நாக்கின் ஓரமோ துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு. இது வெள்ளையைவிட ஆபத்தானது. இரண்டு வாரத்தில் ஆறாத புண். காரணமில்லாமல் ஆடும் பல். காரம் பட்டதும் எரிச்சல். வலி இல்லையே என்று விட்டுவிடக் கூடாது, தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. பிறகு விரல் கணக்கு. வாயை நன்றாகத் திறந்து, அவரவர் விரல் மூன்றைச் சேர்த்துச் செங்குத்தாகப் பற்களுக்கு இடையில் வைக்கச் சொல்லுங்கள். போக வேண்டும். பாக்கு, கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் உள்ள திசுவைக் கெட்டியாக்கிக்கொண்டே போகும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். சோற்று உருண்டை சிறிதாவதை அவர்களே கவனிக்க மாட்டார்கள்.

வெற்றிலையைத் தட்டிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. அழைப்பிலும் வழியனுப்பிலும் அது நம்மோடு இருக்கட்டும். அம்மாயியின் பாக்குவெட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, நான் அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

போன ஞாயிறு சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அறுபத்தெட்டு வயது. அம்மாயியோடு அதே நெரையில் பால் எடுத்தவர். இப்போது தாமான் வீட்டில், மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, தொலைக்காட்சிக்கு முன் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருப்பார். நான் கைப்பேசி விளக்கைப் போட்டு, "சின்னம்மா, வாயத் தொறங்க" என்றேன். "என்னாத்துக்கு? நீ என்ன டாக்டரா?" என்று சிரித்தார். அம்மாயி பேரைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

இடக்கன்னம் வெளிறி, ஓலைப் பாய் போல வரிவரியாக இருந்தது. விரலை வைக்கச் சொன்னேன். இரண்டு போனது. மூன்றாவதை நுழைக்க அவரே பலமுறை முயன்றார். பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குக் குளுவாங்கில் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஏழு மணிக்குக் கிளம்பினால் போதும் என்றேன். ஆறரைக்கே வந்துவிடு, தயாராக இருப்பேன் என்றார் சின்னம்மா.