பட்டனைப் பார்க்காதீங்க, பக்கத்தைப் பாருங்க

ஆஃப்-ரோடு டயரை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு நம்ம ஹாஸ்டல்ல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "பட்டன் பெருசா இருக்கணும் மச்சி." ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதையேதான் சொன்னேன். சொன்னது மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் சித்தப்பாகிட்ட.

ஓமன் பாலைவனம்னா நமக்கு மணல்மேடுதான் ஞாபகம் வரும். ஆனா சித்தப்பா லீவு நாளில் குடும்பத்தோட போறது ஹஜர் மலைப் பக்கம். அங்கே பாதை முழுக்கப் பாறையும் உடைஞ்ச கல்லும்தான். "மெக்கானிக்கல் படிக்கிற பையன், நீயே சொல்லு"ன்னு வீடியோ காலில் டயர் கடையைக் காட்டினார். பழைய 17 அங்குல வீலைக் கழற்றிட்டு, 20 அங்குல அலாய், முரட்டு பட்டன் டயர்னு நான்தான் செலக்ட் பண்ணேன். செம லுக்!

முதல் பயணத்திலேயே ஒரு டயரின் சைடுவாலைக் கல் கிழிச்சிடுச்சு. ஸ்டெப்னியை மாட்டினார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு டயரும் போச்சு. போன் சிக்னல் இல்லை. வண்டியில் சித்தி, ரெண்டு குழந்தைங்க, நாலு பாட்டில் தண்ணி. வேறொரு வண்டி வர மூணு மணி நேரம் ஆச்சு. சித்தப்பா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

நான் கோட்டை விட்ட கணக்கு ஸ்கூல் பையன் போடுற கணக்கு. 265/65 ஆர் 17 டயரின் சைடுவால் உயரம், 265-ல் 65 சதவீதம்: 172 மி.மீ. நான் மாத்தச் சொன்ன 265/50 ஆர் 20-ல் அது வெறும் 132 மி.மீ. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த 40 மி.மீ. காத்தையும் ரப்பரையும் ஸ்டைலுக்காகத் தாரை வார்த்துட்டேன். பட்டன் பகுதியில் ஆணி குத்தினா பஞ்சர் ஒட்டலாம். சைடுவால் கிழிஞ்சா டயரையே மாத்தணும்.

அதனால என் கட்சி இதுதான்: பாறைப் பாதைக்கு முதல் கேள்வி சைடுவால், பட்டன் அப்புறம். சின்ன ரிம், உயரமான சைடுவால், அதில் மூணு அடுக்கு இழை இருந்தா இன்னும் நல்லது. மட்-டெரெய்ன் டயர் மோசம்னு சொல்லலை. பலதுக்கு சைடுவால் நல்ல உறுதிதான். ஆனா பெரும்பாலும் தார் ரோட்டில் ஓடுற குடும்ப வண்டிக்கு, உறுதியான சைடுவால் உள்ள ஆல்-டெரெய்ன் போதும். சத்தமும் கம்மி.

டயரில் இருக்கிற நாலு இலக்கத் தேதியையும் பாருங்க. 2322-ன்னா 2022-ன் 23-வது வாரம் தயாரானது. வெயிலில் ரப்பர் சும்மா கிடந்தாலும் கிழடாகும்.

காத்து விஷயத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கு. 35 பிஎஸ்ஐ-யிலிருந்து கொஞ்சம் இறக்கினா டயர் கல்லை அணைச்சுக்கிட்டு ஏறும். மணலில் இறக்குற மாதிரி 15 வரை இறக்கினா சைடுவால் வெளியே பிதுங்கி, கல்லுக்கு வாகா மாட்டும். 25 பக்கம் வெச்சு மெதுவா ஓட்டுங்க. தார் ரோடு ஏறும் முன்னாடி திரும்பக் காத்து அடிச்சிடணும். இல்லேன்னா வேகத்தில் டயர் சூடாகிக் கிழியும். கம்ப்ரஸரும் பிரஷர் கேஜும் அலாய் வீலைவிட அவசியம்.

நாளைக்கு உங்க மாமாவோ அண்ணனோ "நீ இன்ஜினியர்தானே, சொல்லு"ன்னு கேட்பாங்க. தெரியலைன்னா, பார்த்துச் சொல்றேன்னு சொல்லுங்க. நம்ம பேச்சை நம்பித்தான் அவங்க குழந்தைங்களை வண்டியில் ஏத்துறாங்க.