தகுதிக்கு மொழி தடையாகலாமா?

ராணுவ அதிகாரி ஆவதற்கான பயிற்சி, ஒரு வகையில் முழுமையான கல்வி உதவித்தொகையே. புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாதெமியில் சேரும் மாணவரின் மூன்றாண்டு உணவு, உறைவிடம், சீருடை, பாடநூல் செலவுகளை அரசே ஏற்கிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டமும் கிடைக்கிறது. அதன் பின்னர் டேராடூனில் பயிற்சி பெறும் தரைப்படைப் பிரிவினருக்கு மாதம் ரூ. 56,100 வழங்கப்படுகிறது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது அரிய வாய்ப்பு.

தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு இந்த வாய்ப்பு அந்நியமானது அல்ல. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் கலிகிரியில் 2014-இல் சைனிக் பள்ளி தொடங்கப்பட்டது. 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் திருப்பதியில் இருக்கிறது. தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழை உரிய தரத்துடன் பெற்ற பட்டதாரிகள், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரடியாக நேர்காணலுக்குச் செல்லச் சிறப்பு வழியும் உண்டு. இவ்வழியில் தேர்வானவர்களுக்கு சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் பயிற்சி அளிக்கப்படுகிறது.

எந்த வழியில் வந்தாலும், 'எஸ்.எஸ்.பி.' எனப்படும் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணலைக் கடந்தே தீர வேண்டும். பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர் ஆகிய நகரங்களில் தரைப்படைக்கான வாரியங்கள் இயங்குகின்றன. முதல் நாள் சல்லடையில் தேறாதவர்கள் அன்றே ஊர் திரும்ப வேண்டியதுதான். எஞ்சியவர்களின் மனப்பாங்கை உளவியலாளரும், குழுவாகச் செயல்படும் திறனை மற்றோர் அதிகாரியும், ஆளுமையை நேர்காணல் அதிகாரியும் தனித்தனியே மதிப்பிடுகின்றனர். தேசிய பாதுகாப்பு அகாதெமித் தேர்வில் எழுத்துக்கு 900 மதிப்பெண். நேர்காணலுக்கும் அதே 900.

பரிந்துரைக்கும் பணப்பெட்டிக்கும் இடம்தராத இந்த முறை பாராட்டத்தக்கதே. ஆனால், இதில் ஒரு குறை இருக்கிறது. உளவியல் தேர்வில் 60 சொற்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். ஒவ்வொரு சொல்லும் மனதில் எழுப்பும் எண்ணத்தை 15 விநாடிகளில் எழுத வேண்டும். தெலுங்கிலோ தமிழிலோ சிந்திக்கும் கிராமத்து மாணவர், அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அடுத்த சொல் வந்துவிடும். சோதிக்கப்படுவது அவரது துணிவா, ஆங்கிலச் சரளமா? எழுத்துத் தேர்வின் வினாத்தாளும் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே வெளியாகிறது.

இதே மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில், முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதி, நேர்காணலிலும் தமிழில் விடையளிக்க இடமிருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு, 2024 முதல் தமிழ், தெலுங்கு உள்பட 13 மாநில மொழிகளிலும் நடத்தப்படுகிறது. மாவட்ட ஆட்சியராகவும் காவலராகவும் ஆவதற்குத் தடையாக இல்லாத தாய்மொழி, ராணுவ அதிகாரியாவதற்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும்?

பல மொழியினர் பணியாற்றும் படைக்குப் பொதுவான ஆணை மொழி தேவை என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. போர்முனையில் மொழிபெயர்ப்பாளருக்கு இடமில்லை. ஆனால், மொழியைக் கற்றுக்கொடுக்க முடியும்; தலைமைப் பண்பையும் நேர்மையையும் அவ்வளவு எளிதில் புகட்டிவிட முடியாது. தன் படைவீரர்களின் மொழியை அதிகாரிகள் கற்றுக்கொள்வது இந்திய ராணுவத்தில் நெடுநாளைய மரபு. அந்த மரபு உள்ள இடத்தில், தேர்வான மாணவருக்கு அகாதெமியின் மூன்றாண்டுகளில் ஆங்கிலத்தைச் செம்மையாகப் பயிற்றுவிப்பது இயலாத செயலல்ல.

எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்திலும் வினாத்தாள் வழங்கவும், உளவியல் தேர்வின் விடைகளைத் தாய்மொழியில் எழுதவும் பாதுகாப்பு அமைச்சகமும் தேர்வாணையமும் வழிவகுக்க வேண்டும். அதுவரை மாநில அரசுகளும் கைகட்டி நிற்கலாகாது. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளைக் கொண்டு, சித்தூர், திருப்பதி போன்ற ஊர்களின் அரசுக் கல்லூரிகளிலேயே கட்டணமில்லா நேர்காணல் பயிற்சி அளிக்கலாம். பெருநகரத் தனியார் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட முடிந்தவர்களே முன்னேறும் நிலை அப்போதுதான் மாறும்.

எல்லையைக் காக்கும் வீரனிடம் அவனது தாய்மொழி எதுவென்று தேசம் கேட்பதில்லை. அவனை வழிநடத்த வருபவரிடமும் முதற்கேள்வி அதுவாக இருக்கக் கூடாது.