நம் பிள்ளைகளின் புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது?

"மில் தொழிலாளி மகனுக்குக் கதைப் புத்தகம் எதற்கு? பரீட்சை நோட்ஸ் போதும்; சீக்கிரம் ஒரு வேலையில் சேரட்டும்!" இது மேட்டுக்குடிக் கனவான்களின் உபதேசம். அவர்கள் வீட்டு அலமாரியில் மட்டும் நாவலும் விஞ்ஞானமும் சாகசக் கதையும் வரிசையாக நிற்கும்! நம் பிள்ளை தொட்டால் கெட்டுப்போவானாம்! என்ன நியாயம் இது?

1931லேயே மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி, கிராமம் கிராமமாக அனுப்பினார். ஏர் பிடிக்கும் கையும் புத்தகம் பிடிக்கும் என்று அன்றே நம்பினார்கள். 1948ல் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை கொடுப்பவன் தலையிலும் அந்தச் சுமை வந்து விழுகிறது. பணம் நம்முடையது, புத்தகத் தேர்வு மட்டும் யாரோ செய்வதா?

நம்மவர்களிலும் சிலர், "இளைஞனுக்கு அரசியல் நூல் மட்டும் கொடு, துப்பறியும் கதையைப் பிடுங்கு" என்கிறார்கள். அவர்களுக்கும் சொல்கிறோம்: மாக்சிம் கார்க்கி சிறுவனாக வால்கா நதிக் கப்பலில் எச்சில் தட்டு கழுவினார். சமையற்காரர் ஸ்மூரி தம் பெட்டியிலிருந்த புத்தகங்களைக் கொடுத்துப் படிக்கவைத்தார். அந்தப் பெட்டியில் எல்லா ரகமும் கலந்து கிடந்தன. அப்படிப் படித்து வளர்ந்த சிறுவன்தான் பின்னாளில் 'தாய்' எழுதினார்! ருசி தெரிந்தவன் பதரைத் தானே புடைத்துத் தள்ளுவான்.

எங்களுக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறோம். விறுவிறுப்பான நாவல் வேண்டுமா? பூமணியின் 'வெக்கை' (1982). அநியாயத்தை எதிர்த்து அரிவாள் எடுத்த 15 வயதுச் சிறுவன், தகப்பனோடு காட்டில் ஒளிந்து திரியும் கதை. நம்மவர் பட்ட பாடு தெரிய வேண்டுமா? டாக்டர் டேனியல் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு'. தேயிலைத் தோட்டத்தில் சிக்கிய கூலிகளின் ரத்தமும் கண்ணீரும் அதில் இருக்கிறது. விஞ்ஞானமா? பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. அறிவை எளியவனுக்கு விளங்கவைத்த அந்த மனிதர், நாஜிகள் லெனின்கிராடை முற்றுகையிட்டபோது 1942ல் பட்டினியால் மாண்டார். டயரியா? நாஜிகளிடமிருந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த சிறுமி ஆன் பிராங்க், 13 வயதில் எழுதத் தொடங்கிய டயரி.

இது எங்கள் ஜாபிதா, சட்டமல்ல. நம் பிள்ளைகள் இதை மறுக்கட்டும், வேறு சொல்லட்டும், சண்டை போடட்டும்! மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் வேண்டாம். அவளும் நூலகம் போகட்டும்.

தோழர்களே! ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். உங்கள் ஊர் நூலகத்துக்குப் பிள்ளைகளோடு கூட்டமாகப் போங்கள். அவர்கள் கேட்கும் புத்தகங்களின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாங்கும்வரை விடாதீர்கள்! கூலியைக் கேட்டுப் பெற்ற நமக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பெறத் தெரியாதா?