வரும் வாரம் வானம் எப்படி?

அக்டோபர் 25 முதல் 31 வரையிலான இந்த வாரம், வடகிழக்குப் பருவமழை காலூன்றும் வாரம். வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும் இந்த மழை, டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 44 செ.மீ. தருகிறது. ஆண்டு மழையில் இது ஏறக்குறைய பாதி. கடலோரத்தில் பின்னிரவில் தொடங்கி விடியும்வரை வலுப்பதும், உள்மாவட்டங்களில் பிற்பகலுக்கு மேல் இடியோடு இறங்குவதும் ஐப்பசியின் இயல்பு. டெல்டாவில் அறுக்காத குறுவை, களத்தில் காயும் நெல், வேர்பிடிக்கும் சம்பா மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. சிக்கலே அதுதான்.

'கனமழை என்றார்கள். அவசரமாக மெஷினைக் கூப்பிட்டு முற்றாத நெல்லையும் அறுத்தோம். தூறல்கூட இல்லை. அறிவிப்பை நம்பலாமா?' என்று கேட்கிறார் திருவாரூர் மாவட்ட வாசகர் ஒருவர்.

நம்பலாம், ஆனால் முழு வரியையும் படிக்க வேண்டும். 'கனமழை' என்பது அளவு: 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை. அதற்கு மேல் 20.4 செ.மீ. வரை மிக கனமழை. 'ஓரிரு இடங்களில்' என்பது பரப்பு: அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள்தான் மழை பதிவாகும் என்று பொருள். பக்கத்து ஊர் நனைந்து நம் ஊர் காய்ந்தாலும் அறிவிப்பு பொய்யாகிவிடாது. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். தொலைக்காட்சிச் செய்தியில் பெரும்பாலும் விடுபடுவது இந்தச் சொல்தான்.

ஆகவே 'ஓரிரு இடங்களில்' என்ற சொல்லை மட்டும் கேட்டுப் பச்சைக் கதிரை அறுக்க வேண்டாம். கதிரில் 80 சதவிகித மணி பழுத்திருந்தால் காத்திருக்கவும் வேண்டாம். முற்றாத நெல்லில் பதர் கூடும், ஈரமும் அதிகம். கொள்முதல் நிலையத்தின் 17 சதவிகித ஈரப்பத வரம்பில் அது சிக்கும். தென்மேற்கு வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவாகி, 'பெரும்பாலான இடங்களில்' என்ற சொல்லும் வந்துவிட்டால் கணக்கு வேறு. முக்கால்வாசி பழுத்த வயலை அப்போது அறுப்பதே லாபம். சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும்.

சம்பாவுக்கு மழை அறிவிப்பு இருக்கும்போது யூரியா போடாதீர்கள். வடிகால் வாயை இப்போதே வெட்டிவிடுங்கள். இளம்பயிர் மூழ்கினால், தண்ணீரை வடித்தபின் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம்.

மாவட்டவாரியான வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வருகிறது; 'மேகதூத்' செயலியிலும் பார்க்கலாம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு இந்த வாரமே பொதுச் சேவை மையத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போய்விடுங்கள். கடைசி இரண்டு நாளில் அங்கே கூட்டம் தாங்காது.